கணக்குப்பெட்டி மேல் லேப்டாப் வைத்து டைப்பிங் பழகுகிறேன், மணிக்கட்டு வலி தாங்கவில்லை. எங்கே தப்பு?

பள்ளத்தூர் வளவு எழுதியது:

வணக்கம். பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறேன், வயது 43. போன வருஷத்திலிருந்து காரைக்குடியில் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கிறேன். மணிவிழா மலர், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர் என்று கையெழுத்துப் பக்கங்களாக வரும், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வேலை பிடித்திருக்கிறது. ஆனால் நான் முறையாக டைப்பிங் படித்தவள் இல்லை. போனில் பழகிய மாதிரியே ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைக்கிறேன், அதுவும் இரண்டு ஆள்காட்டி விரலால். நிமிடத்துக்கு 10, 12 சொல் தாண்டுவதில்லை. கண் கீபோர்டில் ஒரு தடவை, கையெழுத்தில் ஒரு தடவை, திரையில் ஒரு தடவை என்று அலைகிறது.

எங்கள் வீட்டில் மேசை என்றால் பட்டாலையில் (கூடத்தில்) கிடக்கும் பர்மா தேக்கு மேசை ஒன்றுதான். இன்று டேப் வைத்து அளந்தேன், 31 அங்குலம் உயரம். நாற்காலி 17 அங்குலம். அதில் உட்கார்ந்தால் தோள் இரண்டும் காதுக்கு வந்துவிடுகிறது. மகள் வாங்கிய சக்கர நாற்காலியோ தரையில் பதித்த ஆத்தங்குடி கல்லில் வழுக்கிக்கொண்டே போகிறது. அதனால் இரண்டாவது மாதமே அதை விட்டுவிட்டு, வளவில் (உள்முற்றத்தில்) தூண் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்காரருடைய ஐயா (அப்பாவின் அப்பா) காலத்துக் கணக்குப்பெட்டியின் சாய்வுப் பலகை மேல் லேப்டாப்பை வைத்து அடிக்கிறேன். அந்தக் காலத்தில் அதில்தானே நாள் முழுக்கக் கணக்கு எழுதினார்கள், அவர்களுக்கு வராத வலி எனக்கு ஏன் வர வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது மூன்று மாதமாக வலது மணிக்கட்டில் வலி. ராத்திரியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய் முழிப்பு வருகிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. முற்றத்து வெளிச்சம் திரையில் அடிப்பதால் கண்ணும் எரிகிறது.

கேட்க நினைப்பது மூன்று. இந்த வயதில் பத்து விரல் டைப்பிங் வருமா, வரும் என்றால் தமிழுக்கு எந்த விசைப்பலகை பழகுவது? உட்காரும் முறையில் என்ன தப்பு? பிளஸ் டூ முடித்த மகள் குரூப் 4 எழுதப் போகிறாள், அவளை இன்ஸ்டிடியூட்டில் சேர்க்கவா, அல்லது வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பழகினால் போதுமா?

தேவகோட்டை லோயர் ஹையர் எழுதியது:

தங்கச்சி, 43 வயது ஒரு வயதே இல்லை. 28 வருஷம் தட்டச்சு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட என்னிடம் வந்து லோயர், அதாவது இளநிலைத் தேர்வு, பாஸ் செய்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விரல் வேகம் சீக்கிரம் வரும், பெரியவர்களுக்குப் பிழையில்லாமல் அடிக்கும் பொறுமை சீக்கிரம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். உன் மாதிரி ஒரு வருஷம் இரண்டு விரலில் அடித்தவர்களுக்கு ஒரு கஷ்டம் கூடுதல், பழைய பழக்கத்தை விட வேண்டும். முதல் மூன்று வாரம் இப்போது இருப்பதைவிட வேகம் குறையும், அப்போது பயந்து பழையபடி இரண்டு விரலுக்குப் போய்விடாதே. அச்சக வேலை அவசரமாக இருக்கிற நாளில் பழைய மாதிரியே அடித்துக் கொடு, பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்.

விசைப்பலகை விஷயம். உன் வேலைக்குத் தமிழ்99 பழகு என்பேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறித்தானே வரும், அதனால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், ஒரே கை சோர்ந்து போகாது. ஷிப்ட் விசை கிரந்த எழுத்துக்குத் தவிர அநேகமாகத் தேவையே இல்லை. புள்ளியையும் பாதி இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும்: ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி வரும், ங க, ந த, ம ப என்று இன எழுத்தாக அடித்தாலும் வரும். ஆத்தங்குடி என்று அடித்துப் பார். ஆ, த, த, ங, க, உ, ட, இ, எட்டே தட்டு. நீ இப்போது ஆங்கில எழுத்தில் அடிப்பதற்கு எத்தனை என்று எண்ணிப் பார். மமதை மாதிரி புள்ளி வேண்டாத இடத்தில் இரண்டு ம சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் அ தட்டினால் போதும். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க உதவும் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் இரண்டிலுமே தமிழ்99 இருக்கிறது.

கையை வைக்கும் இடம்: இடது சுண்டுவிரல் அ, மோதிரவிரல் இ, நடுவிரல் உ, ஆள்காட்டி புள்ளி. அதே ஆள்காட்டி கொஞ்சம் உள்ளே நகர்ந்தால் எ. வலது ஆள்காட்டி ப, உள்ளே நகர்ந்தால் க, நடுவிரல் ம, மோதிரவிரல் த, சுண்டுவிரல் ந, அதற்கு அடுத்து ய. எஃப், ஜே எழுத்து இருக்கும் கட்டைகளில் சின்னதாக ஒரு மேடு இருக்கும், தடவினால் தெரியும். ஆள்காட்டி விரல்கள் அந்த மேட்டில்தான் உட்கார வேண்டும், எங்கே போனாலும் அங்கேதான் திரும்பி வர வேண்டும். முதல் வாரம் இந்த நடு வரிசை மட்டும். முகம், நகம், இதயம், உதயம், தயக்கம், பந்து, கம்பு, பத்தி, திதி, எல்லாமே நடு வரிசையிலேயே முடியும் சொற்கள். காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது வாரம் மேல் வரிசை, மூன்றாவது வாரம் கீழ் வரிசை.

கீபோர்டைப் பார்க்கவே கூடாது. எங்கள் இன்ஸ்டிடியூட்டில் பார்த்து அடிக்கிற பிள்ளைகளின் கை மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிடுவேன். நீ ஒரு துண்டைப் போட்டுக்கொள். இன்னொன்று, பயிற்சி செய்யும்போது தப்பு வந்தால் அழிக்காதே, அப்படியே மேலே போ. தட்டச்சு மெஷினில் அழிக்கவே முடியாது, அதனால்தான் அதில் படித்தவர்களுக்கு விரல் அடங்கி வந்தது. கம்ப்யூட்டரில் பேக்ஸ்பேஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் விரல் கண்டபடி ஓடும், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. வேகத்தைத் துரத்தாதே. நூறு தட்டில் தொண்ணூற்றெட்டு சரியாக விழும் வரைக்கும் அதே வேகத்தில் இரு.

மகள் விஷயம் வேறு. அவளுக்குத் தட்டச்சர் வேலைதான் குறி என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வின் சான்றிதழ் வேண்டும். அதற்கு இன்ஸ்டிடியூட்தான், மெஷின்தான். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. ஒரு சொல் என்பது 5 தட்டு என்று கணக்கு. தமிழும் ஆங்கிலமும் இரண்டிலும் முதுநிலை முடித்தால் நல்லது, ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அலுவலகத் தானியங்கிக்கான கம்ப்யூட்டர் சான்றிதழும் கேட்பார்கள். தமிழ் மெஷினில் யளனகப என்று தொடங்கும் பழைய அமைப்பு, அது வேறு, தமிழ்99 வேறு. மெஷினில் கொ அடிக்கக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று தட்டு. தமிழ்99இல் க, ஒ என்று காதில் விழும் வரிசையில் இரண்டு. மகளையும் உன்னையும் ஒரே அமைப்பில் பழக்க வேண்டும் என்று நினைக்காதே, இரண்டு பேருக்கும் குழப்பம். அவள் மெஷின், நீ தமிழ்99.

உட்காரும் விஷயத்தை இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த ஒன்று, தட்டச்சு மெஷின் வைக்கும் மேசை எழுதும் மேசையைவிட எப்போதும் உயரம் குறைவு. யாரும் காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை.

கானாடுகாத்தான் பையன் எழுதியது:

ஆச்சி, சென்னையில் ஒரு கம்பெனியில் 9 வருஷம் புரோகிராமராக இருந்துவிட்டு இப்போது ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். உங்களுக்கு வந்த அதே வலி எனக்கு 29 வயதில் வந்து ஆறு மாதம் மவுஸைத் தொட முடியாமல் கிடந்தேன், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் குற்றவாளி அந்தச் சாய்வுப் பலகைதான். எழுதுவதற்குச் சாய்வு நல்லது, டைப் அடிப்பதற்கு ஆகாது. எழுதும்போது கை பலகையில் படுத்துக்கிடக்கும், பேனா பிடித்த கை முழங்கையிலிருந்து நகரும். டைப் அடிக்கும்போது கை மேலே மிதந்து, விரல் கீழ்நோக்கி விழ வேண்டும். உங்கள் பக்கம் தாழ்ந்து எதிர்ப்பக்கம் உயர்ந்த பலகையில் கீபோர்டு இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கி நிற்கிறது. அது போதாதென்று லேப்டாப் உங்களை நோக்கிச் சரியும், அதை உள்ளங்கை அடியால் தாங்கிப் பிடித்துக்கொண்டே அடித்திருப்பீர்கள். மணிக்கட்டு மடங்கி, அழுந்தி, அந்த நிலையிலேயே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தட்டு. வலிக்காமல் என்ன செய்யும்? தனிக் கீபோர்டுகளின் அடியில் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால் இருக்குமே, அதை நிமிர்த்தி வைத்தாலும் இதே தப்புதான். அந்தக் காலை மடக்கியே வையுங்கள்.

அடுத்தது லேப்டாப் என்ற பொருளே. திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியான உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். இரண்டில் ஒன்று கெட்டே தீரும். அதனால் முதல் செலவு தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும். விலை கூடியது எல்லாம் வேண்டாம், சாதாரண வயர் கீபோர்டு போதும். நாற்காலி, மேசை எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது அளவு. நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள், மேல் கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள், தரையிலிருந்து முழங்கை அடி வரைக்கும் மகளை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். கீபோர்டு அந்த உயரத்தில் அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். உங்கள் உயரம் தெரியவில்லை, 5 அடி சொச்சம் என்றால் 17 அங்குல நாற்காலியில் அது 26 அங்குலத்துக்கு அக்கம்பக்கமாக வரும். உங்கள் தேக்கு மேசை 31. அஞ்சு அங்குலம் அதிகம், தோள் காதுக்கு வந்ததற்கு அதுதான் காரணம். மேசைக் காலை அறுக்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், நானும் அறுக்கச் சொல்ல மாட்டேன். பதிலாக நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு அஞ்சு அங்குலம் ஏறுங்கள், கால் தொங்கும் அல்லவா, அதற்குச் சாப்பிட உட்காரும் மணை ஒன்றோ இரண்டோ அடுக்கிப் பாதம் முழுசாக ஊன்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். கால் தொங்கினால் தொடை அடியில் அழுத்தி, கொஞ்ச நேரத்தில் நீங்களாகவே முன்னால் சரிந்து கூனிவிடுவீர்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் முதுகு தானாக நிமிரும்.

சக்கர நாற்காலியைத் தூக்கிப்போட வேண்டாம். ஆத்தங்குடி கல் மேல் ஒரு கனமான ஜமக்காளம் விரித்து அதன் மேல் போடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

தரையில் உட்காருவதுதான் பிடிக்கும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கீபோர்டை மடியில் ஒரு பலகை வைத்து அதன் மேல் தட்டையாக வையுங்கள், சம்மணம் போட்டால் முழங்கை உயரம் அங்கேதான் வரும். லேப்டாப்பை ஒரு ஸ்டூல் மேல், தேவைப்பட்டால் நாலு புத்தகம் அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி, அதிலும் இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் மட்டும் திரையைக் கொஞ்சம் இறக்குங்கள். இல்லையென்றால் கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும். ஆனால் தரையில் அரை மணிக்கு மேல் ஒரே இருப்பாக வேண்டாம்.

முற்றத்து வெளிச்சத்துக்கு முகத்தையும் காட்ட வேண்டாம், முதுகையும் காட்ட வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி உட்காருங்கள்.

கையெழுத்துப் பக்கத்தை எங்கே வைத்து அடிக்கிறீர்கள்? இடது பக்கம் தரையில் என்றால் கழுத்து பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். வீட்டில் பெரியவர்கள் புராணம் படிக்கும் சிக்குப்பலகை இருக்குமே, அதை விரித்துத் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வைத்துத் தாளை அதில் சாய்த்துவிடுங்கள். வீட்டில் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

எலும்பும் நரம்பும் எழுதியது:

பிசியோதெரபி பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ராத்திரி முழிப்பு வரும் அளவுக்கு மரத்துப்போவதை, அதுவும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று குறிப்பாக அந்த மூன்றும் மரப்பதை, உட்காரும் முறையை மட்டும் மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு பட்டையான தசைநாருக்கும் நடுவில் குறுகிய வழி இருக்கிறது, அதற்குள் விரல்களை மடக்கும் நாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. அந்த வழி வீங்கி இறுகினால் நரம்பு நசுங்கும், அதைத்தான் கார்ப்பல் டனல் என்கிறோம். அந்த நரம்பு போகும் விரல்கள்தான் நீங்கள் சொன்ன மூன்றும், மோதிரவிரலில் பாதியும். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதால் வரலாம்.

நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். கையை உதறினால் மரப்பு குறைகிறதா, பொருளைப் பிடிக்கும்போது நழுவுகிறதா, கட்டைவிரல் அடிச் சதை இளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, தைராய்டு இருந்தால் இது கூடுதலாக வரும், அதனால் அந்த இரண்டும் பரிசோதித்துவிடுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது, இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். ராத்திரியில் மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்துக்கொள்ளும் பட்டை ஒன்று தருவார்கள், ஆரம்பக் கட்டத்தில் நிறையப் பேருக்கு அதிலேயே குறைகிறது. நாமாக மெடிக்கலில் இறுக்கமான கிரேப் பேண்டேஜ் வாங்கிச் சுற்றிக்கொள்வது வேண்டாம், அது இன்னும் நசுக்கும்.

கீபோர்டு முன்னால் வைக்கும் மெத்தை பற்றி யாராவது சொல்லும் முன் நானே சொல்கிறேன்: அது அடிப்பதை நிறுத்தும்போது கை வைக்க, அடிக்கும்போது மணிக்கட்டை ஊன்ற அல்ல. விசையை ஓங்கிக் குத்தாதீர்கள். கம்ப்யூட்டர் விசைக்கு இலேசான தொடுதல் போதும். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருப்பதை 20 நொடி பாருங்கள். உங்கள் வீட்டில் வளவின் இந்தப் பக்கத்திலிருந்து எதிர்த் தூணைப் பார்த்தாலே 20 அடி வந்துவிடும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்கு அதுதான் முக்கியக் காரணம். தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றினால் அதையும் மாற்றுங்கள்.

பெட்டியடி எழுதியது:

மகளே, உன் கேள்வியில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு வராத வலி எனக்கு ஏன் என்று கேட்டிருக்கிறாய். என் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைக் கட்டடத்தில், பெட்டியடிப் பையனாக (எடுபிடிப் பையனாக) போய் அடுத்தாளாக (முதலாளின் உதவியாளாக) ஆகித் திரும்பியவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் அவர் பேரேடு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு முழங்காலை மடக்கி ஒன்றைக் குத்திட்டு உட்காருவார், கொஞ்ச நேரத்தில் காலை மாற்றுவார். ஆள் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார். சிட்டை எடுக்க எழுந்து பெட்டக அறைக்குப் போவார். பெட்டியைத் திறந்து மூடுவார். ஒரு மணி நேரத்தில் தொடர்ந்து கை ஓடியது இருபது நிமிடம்கூட இருக்காது.

வலி வரவில்லை என்பதும் உண்மையில்லை அம்மா. கடைசிப் பதினைந்து வருஷம் அவருக்குக் கூன் விழுந்துவிட்டது, ராத்திரியில் அப்பத்தா தைலம் போட்டு முதுகைத் தேய்ப்பார்கள். அந்தக் காலத்தில் அதை வேலையால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, வயதால் வந்தது என்றார்கள். பழைய போட்டோவில் அவர்கள் பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது போட்டோவுக்காக.

தமிழ்த் தட்டச்சு மெஷினை உருவாக்கிய ஆர். முத்தையாவும் யாழ்ப்பாணத்தில் பிறந்து அந்தச் சிங்கப்பூர் பக்கம் போய் வேலை பார்த்தவர்தான். 247 எழுத்தை ஒரு சின்னப் பலகைக்குள் அடக்கிக் காட்டினார். தேவகோட்டை அம்மாள் சொன்ன கொம்பு, க, கால் என்று பிரித்து அடிக்கும் யோசனை எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த மெஷினில் அடித்து வந்த கடிதங்களைப் படித்த எங்களுக்குத்தான் தெரியும். கணக்குப்பெட்டியை வைத்துக்கொள், ஆனால் அதை வேறு வேலைக்கு இழுக்காதே.

பள்ளத்தூர் வளவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெட்டியடி ஐயா, நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன், என் மாமியார் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர்களுடைய மாமனாருக்கும் கூன் இருந்ததாம்.

ஒரு சந்தேகம் டீச்சர். புதிதாகப் பழகும்போது சுண்டுவிரலுக்குப் பலமே இல்லை, அ அடித்தால் பாதி விழவில்லை. தமிழில் ஆகாரமும் யகரமும் எவ்வளவு வருகிறது, இதற்கெல்லாம் சுண்டுவிரல்தானா? ஆள்காட்டியால் அடித்துவிட்டால் என்ன?

தேவகோட்டை லோயர் ஹையர் எழுதியது:

எல்லாரும் கேட்கும் கேள்விதான். ஆள்காட்டியால் அடித்தால் கை முழுவதும் இடம் பெயரும், திரும்பி வரும்போது மேட்டைத் தேடும், கண் கீழே போகும். ஒரு எழுத்துக்காக மொத்தப் பழக்கமும் உடையும். சுண்டுவிரல் ஒரு மாதத்தில் தேறிவிடும். பலத்தால் அல்ல, கையை அந்தப் பக்கமாக இலேசாகச் சாய்த்தால் கையின் பாரமே விசையை அமுக்கும். மணிக்கட்டை ஊன்றியிருந்தால் அந்தச் சாய்வு வராது, அதனால்தான் எங்கள் காலத்தில் மணிக்கட்டைத் தூக்கு, தூக்கு என்று கத்திக்கொண்டே இருப்போம். ஆனால் நீ இப்போது மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வலியோடு ஒரு நாள்கூட பயிற்சி வேண்டாம். வலிக்கும் கை தப்பான வழியைத்தான் கற்றுக்கொள்ளும், அதை அப்புறம் நான் வந்தாலும் மாற்ற முடியாது.

கானாடுகாத்தான் பையன் எழுதியது:

அதோடு ஒன்று. அச்சகத்தில் பழைய எழுத்துருவில் கேட்கிறார்கள் என்று அதற்காக வேறு விசைப்பலகை பழகிவிடாதீர்கள் ஆச்சி. யூனிகோடு என்ற பொது எழுத்து முறையில் அடித்துவிட்டுக் கன்வர்ட்டரில் போட்டு மாற்றிக் கொடுக்கலாம். மாற்றிய பிறகு ஒரு தடவை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறும்.

பள்ளத்தூர் வளவு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தேன். கார்ப்பல் டனலின் தொடக்கம்தான் என்றார். தைராய்டும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது, மாத்திரை தொடங்கியாயிற்று. ராத்திரிப் பட்டை மூன்று வாரம் போட்டேன், நான்காவது வாரத்திலிருந்து மரத்து முழிப்பது நின்றுவிட்டது. அது வரைக்கும் அச்சகத்தில் சொல்லி வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். கூலி குறைந்தது கஷ்டம்தான், ஆனால் கையை நினைத்துப் பயந்துவிட்டேன்.

பட்டாலையில் தேக்கு மேசைதான். நாற்காலியில் இலவம்பஞ்சு மெத்தை போட்டேன், உட்கார்ந்ததும் அமுங்கிவிட்டது, அதனால் கயிற்றுக் கட்டிலுக்கு வைத்திருந்த தேங்காய் நார் மெத்தைத் துண்டை வெட்டித் தைத்தேன். காலுக்கு இரண்டு மணை. தனிக் கீபோர்டு வந்துவிட்டது, பின்கால் மடக்கித்தான் இருக்கிறது. லேப்டாப்புக்கு அடியில் பழைய மணிவிழா மலர்கள் ஏழு. சிக்குப்பலகை வீட்டிலேயே இருந்தது, பரணில் கிடந்ததை மாமியார் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். கழுத்து வலி முதல் வாரத்திலேயே விட்டுவிட்டது, அது இவ்வளவு சீக்கிரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தமிழ்99 பயிற்சி தொடங்கி மூன்றரை வாரம். மேல் வரிசையில் ற, ன இன்னும் குழம்புகிறது. ள எப்போதும் தப்பாமல் வருகிறது, பள்ளத்தூர் என்று அடித்து அடித்து வந்திருக்கும். இப்போது 9 சொல்தான், டீச்சர் சொன்ன மாதிரி பழைய வேகத்தைவிடக் குறைவு, ஆனால் கீழே பார்க்காமல் 9. மகள் இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலம் இளநிலைக்குச் சேர்ந்துவிட்டாள், ராத்திரியில் தூக்கத்தில்கூட விரலால் போர்வையில் தட்டுகிறாள்.

கணக்குப்பெட்டி மறுபடி பெட்டக அறையில். உள்ளே துடைத்தபோது ஒரு சின்ன அறையில் மடித்து வைத்த ரங்கூன் கடிதம் இரண்டு இருந்தது. எழுத்து மங்கிவிட்டது, வெயில் வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க வருகிறது. அச்சக வேலை இல்லாத நாளில் அதைத்தான் சிக்குப்பலகையில் வைத்து அடித்துப் பழகுகிறேன், முதல் பக்கம் முடிந்துவிட்டது.